காலடியில் முரசு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில் பழைய திரைப்பட நடிகை டி.ஆர்.ராஜகுமாரியைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். காபி ஆறிப்போகும் வரை இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் போட்டிருந்த படத்தின் கீழே ‘சந்திரலேகாவின் முரசு நடனத்தில் ராஜகுமாரி’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் படத்தில் அவர் இரண்டு தூண்களுக்கு நடுவே நிற்கிறார். காலடியில் முரசு இல்லை. பக்கத்திலும் இல்லை, பின்னால் எட்டியும் இல்லை. முரசே இல்லாத முரசு நடனத்தை என் 83 வயதில் இப்போதுதான் பார்க்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். 1960 முதல் ஏறக்குறைய 20 ஆண்டுகள் நான் படப்பிரதிநிதியாக இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வேலையே தெரியாது. விநியோகஸ்தரின் ஆளாகப் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போக வேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன் டிக்கெட் புத்தகத்தின் ஆரம்ப எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கடைசி எண்ணைப் பார்த்துத் தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, நாற்காலி எத்தனை என்று கணக்கெடுத்து, கேளிக்கை வரியைக் கழித்து, எங்கள் பங்கை வாங்க வேண்டும். இரவு கொட்டகையிலேயே படுக்கை. வலங்கைமான், குடவாசல், நாச்சியார்கோயில், திருப்பனந்தாள், அய்யம்பேட்டை என்று கும்பகோணத்தைச் சுற்றி நான் படுக்காத கொட்டகை இல்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது புதுப் படங்களைப் பெரிய பிரதிநிதிகளே வைத்துக்கொண்டார்கள். என்னைப் போன்ற சின்னப் பையன்கள் தலையில் பழைய பெட்டிகளைக் கட்டினார்கள். அப்படித்தான் ‘ஹரிதாஸ்’, ‘சந்திரலேகா’, ‘மனோகரா’ மூன்றும் மாறி மாறி என்னோடு பயணம் செய்தன. மூன்றிலும் ராஜகுமாரி இருந்தார். வேறு எந்த நடிகையையும் நான் அத்தனை முறை தோளில் சுமந்ததில்லை.

சுமை என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ‘ஹரிதாஸ்’ பெட்டி இலேசு. ‘சந்திரலேகா’ முதுகை ஒடிக்கும். வெகுகாலம் கழித்துத்தான் ஒரு முதிய ஆபரேட்டர் காரணம் சொன்னார். யுத்த காலத்தில் பிலிம் கிடைக்காததால் வெள்ளைக்காரச் சர்க்கார் எந்தப் படமும் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தது. 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ அந்த அளவுக்குள் அடங்கிய படம். யுத்தம் முடிந்து 1948இல் வந்த ‘சந்திரலேகா’ 18,000 அடிக்கு மேல். ஜெமினி வாசன் கட்டுப்பாடு போன சந்தோஷத்தில் எடுத்தாரோ என்னவோ, கும்பகோணம் பஸ் நிலையத்தில் அதைக் கூரையில் ஏற்றும்போது அவரை நான் வாழ்த்தியதில்லை.

உங்கள் கட்டுரையாளர் ‘ஹரிதாஸ்’ படத்தில் ராஜகுமாரி ஹரிதாஸின் மனைவியாக நடித்தார் என்று எழுதியிருக்கிறார். மனைவி லட்சுமியாக நடித்தவர் என்.சி.வசந்தகோகிலம். அருமையான கர்நாடக சங்கீதப் பாடகி, 1951இல் இளவயதிலேயே போய்விட்டார். ராஜகுமாரி நடித்தது ரம்பா என்ற தாசி. குடும்பத்தைக் குலைக்க வந்தவள். அந்த வேறுபாடு தெரியாமல் அந்தப் படத்தைப் பற்றி எழுதவே முடியாது. ஹரிதாஸாக நடித்த எம்.கே.தியாகராஜ பாகவதர் சாருகேசி ராகத்தில் பாட, நடுவில் ‘ரம்பா’ என்று அழைக்க, அவர் ‘சுவாமி’ என்று பதில் சொல்லும் அந்த ஒரு நொடிக்காகவே தரை டிக்கெட் தீர்ந்துபோகும். வலங்கைமானில் ஒரு பாட்டி பெண்கள் பக்கத்துத் தடுப்பைப் பிடித்து எழுந்து நின்று திரையைப் பார்த்து, “அடி பாவி, அவன் பெண்டாட்டி அங்கே அழுதுகொண்டிருக்கிறாளே” என்று கத்தியதை நான் கேட்டேன். அடுத்த நாளும் அதே பாட்டி வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மூன்று நாளும் அதே இடத்தில் எழுந்து நின்று அதையே கத்தினாள். மனைவியைப் பார்க்க மூன்று முறை காசு கொடுத்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மதராஸ் பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றில் இரண்டு தீபாவளிக்குப் பாகவதர் எங்கே இருந்தார்? லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார். படம் வந்து மூன்று மாதத்துக்குள் அவரும் கலைவாணரும் கைதாகி, 1947இல்தான் வெளியே வந்தார்கள். நாயகன் சிறையில், புதுப் படம் எடுக்கப் பிலிம் தட்டுப்பாடு, திரையில் மட்டும் ரம்பா தினமும் மூன்று வேளை சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தொழிலில் ஒரு படம் ஏன் ஓடியது என்று அறுதியிட்டுச் சொல்கிறவனை நம்பக் கூடாது என்பார்கள். ஆனால் ஓடியதற்கு உரிய பங்கை ஒருவர் பெயரில் மட்டும் எழுதுவதையும் எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

இனி முரசு நடனம். ‘சந்திரலேகா’வுக்கு 30 லட்சம் செலவானது என்று அந்நாளில் வாய் பிளந்து சொல்வார்கள். சசாங்கனாக வரும் ரஞ்சனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிப்பதுபோல் சம்மதித்து, அதற்கு முன் ஒரு முரசு நடனம் வேண்டும் என்று சந்திரலேகா கேட்பாள். ஆள் உயர முரசுகள் வரிசை வரிசையாக வரும். அவற்றின் மேல் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் வெளியே பாய்வார்கள். கூட்டம் அந்தக் கட்டத்தில் மணலை வாரி மேலே எறியும். (கொட்டகைக்காரர் மறுநாள் மணல் அடித்த செலவை எங்கள் பங்கில் கழிக்கப் பார்ப்பார். அது வேறு சண்டை.)

ஆனால் என் பெட்டியில் இருந்த முரசு நடனம் ஊருக்கு ஊர் சிறுத்துக்கொண்டே வந்தது. படம் தேய்ந்து திரையில் கோடு கோடாக மழை பெய்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். இது மழை இல்லை, களவு. ஒவ்வொரு ஊரிலும் ஆபரேட்டர் அறையில் யாராவது நான்கு பிரேம், ஆறு பிரேம் என்று கத்தரித்துக்கொண்டு இரண்டு முனையையும் பிலிம் ஒட்டும் சிமெண்ட் போட்டு ஒட்டிவிடுவார்கள். எல்லாம் ராஜகுமாரி வருகிற இடங்களாகத்தான் இருக்கும். ரஞ்சன் வாள் வீசுகிற இடத்தில் ஒரு பிரேம்கூடக் காணாமல் போனதில்லை. கடைசியில் குடவாசலில் ஓட்டியபோது அவர் முரசின் இந்தக் கோடியில் காலைத் தூக்கி அந்தக் கோடியில் வைத்தார். நடுவில் இருந்த அடிகள் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பையன்களின் சட்டைப் பைகளில் இருந்தன. பெட்டி கம்பெனிக்குத் திரும்பியதும் நீளம் குறைகிறது என்று என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை, பெயர் சொல்லிப் பயனும் இல்லை. மூன்று மாதம் பாதிச் சம்பளம்.

பிடித்தது அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. காரணம், அந்தத் துண்டுகளில் நான்கு பிரேம் என் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கிறது. 1962 முதல் இருக்கிறது. என் மனைவிக்குத் தெரியும். அவள் அதைச் செல்லத்தின் அடித்தட்டில் தாளில் மடித்து வைத்து, சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொண்டாள். உங்கள் பத்திரிகைப் படத்தைப் பார்த்ததும் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேரனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நான்கிலும் முரசு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இதுவரை சொன்னது சில்லறைப் பிழைகள். கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கட்டுரையின் கடைசிப் பத்தி. ‘புகழின் உச்சியில் இருந்த கனவுக்கன்னி, திருமணமும் செய்துகொள்ளாமல், திரையுலகால் மறக்கப்பட்டு, இருளில் மறைந்தார்’ என்று முடித்திருக்கிறீர்கள். எந்த இருளில்?

அவர் 1922இல் தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டுப் பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் பேர்பெற்ற பாடகி. சித்தி எஸ்.பி.எல்.தனலட்சுமி அவருக்கு முன்பே படங்களில் நடித்தவர். எங்கள் பாபநாசத்தில் பிறந்த இயக்குநர் கே.சுப்ரமணியம் அந்த வீட்டுக்குத் தனலட்சுமியைப் பார்க்கப் போய், காபி கொண்டுவந்து வைத்த மாநிறப் பெண்ணைப் பார்த்துவிட்டு அவளையே கதாநாயகி ஆக்கினார் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். கதையில் எத்தனை விழுக்காடு சர்க்கரை என்று நான் பார்க்கவில்லை. 1941இல் ‘கச்ச தேவயானி’ வந்தது உண்மை, அதோடு அவர் பெயர் ஊரெல்லாம் பரவியதும் உண்மை.

தஞ்சை மாவட்டத்துக்காரனுக்கு அந்த மாதிரி இசை வீடுகள் தெரியும். பாட்டி பாடிச் சம்பாதித்தாள், மகள் பாடிச் சம்பாதித்தாள், வீட்டுச் சாவி பெண்களின் இடுப்பில் இருந்தது. சபையும் கச்சேரியும் மாறிப்போன காலத்தில் அந்த வீடுகளுக்குச் சினிமா ஒரு வாசல் திறந்தது. ராஜகுமாரி கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு பெரிய குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை, அந்த வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கட்டுரையாளர் தன் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்.

1954இல் அவருக்கு 32 வயது. அந்த வயதில் நம் கதாநாயகிகளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் ‘மனோகரா’வில் வசந்தசேனை ஆனார். பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், கலைஞர் வசனம், கண்ணாம்பா அம்மாவாக நின்று முழங்குகிறார், சிவாஜி சங்கிலியோடு கர்ஜிக்கிறார். அத்தனை முழக்கத்துக்கும் நடுவில், ராஜாவை விரல் நுனியில் ஆட்டுகிற பெண்ணாக, குரலை உயர்த்தாமல் நடித்தவர் ராஜகுமாரி. கதாநாயகிக்குத்தான் வயது பார்ப்பார்கள், வில்லிக்கு யாரும் ஜாதகம் கேட்பதில்லை. அதை அவர் ரம்பாவிலேயே படித்து வைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. நாச்சியார்கோயிலில் வசந்தசேனை வந்ததும் திரை மீது செருப்பு விழுந்தது. கொட்டகை முதலாளி பதறினார். நான் பதறவில்லை. செருப்பை எறிந்தவன் அதைத் தேடி எடுத்துக்கொள்ள வரும்போது அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவான்.

அப்போது அவர் வெறும் நடிகையும் இல்லை. தம்பி ராமண்ணா ஒலிப்பதிவிலிருந்து வந்தவர். இருவரும் சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கினார்கள். ராஜகுமாரி ஒரு ஆர், ராமண்ணா ஒரு ஆர். ‘வாழப்பிறந்தவள்’ எடுத்தார்கள். அடுத்து 1954இல் ‘கூண்டுக்கிளி’. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் என்று இன்றைக்கும் வினாடி வினாவில் கேட்கிறார்கள். நீங்கள் அதை ‘மாபெரும் வெற்றிப்படம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது ஓடவில்லை. இரண்டு பேருக்கும் ரசிகர் கூட்டம் தனித்தனி, ஒருவர் மனைவிக்கு இன்னொருவர் ஆசைப்படுகிற கதையை எந்தக் கூட்டம் கைதட்டிப் பார்க்கும்? எனக்கு முந்தின தலைமுறைப் பிரதிநிதிகள் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

இங்கேதான் நிற்க வேண்டும். இரண்டு பெரிய நடிகர்களை வைத்து எடுத்த படம் போய்விட்டால் அந்தக் காலத்தில் கம்பெனி பூட்டிவிடும். வீடு போகும், நகை போகும். ஆர்.ஆர். பிக்சர்ஸ் பூட்டவில்லை. மறு வருடமே எம்.ஜி.ஆரை வைத்து ‘குலேபகாவலி’. எனக்குக் கிடைத்த பெட்டிகளில் கேளிக்கை வரிச்சீட்டு தீர்ந்து மறுபடியும் வாங்கி வர ஆள் அனுப்ப வைத்தது அதுதான். அதில் ராஜகுமாரி கதாநாயகி இல்லை. சொக்கட்டான் ஆடி இளவரசர்களைத் தோற்கடிக்கும் லக்பேஷாவாக வந்தார். சொந்தக் கம்பெனி, சொந்தத் தம்பி இயக்கம், வேண்டுமானால் எல்லாப் பாட்டையும் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை. 1963இல் ‘பெரிய இடத்துப் பெண்’ வந்தபோது அதே எம்.ஜி.ஆருக்கு உடன்பிறந்தவளாக, தலையை வாரி முடித்துக்கொண்டு நடித்தார். அவரைவிட எம்.ஜி.ஆர் ஐந்து வயது மூத்தவர். சரோஜாதேவி கதாநாயகி. அந்தப் படம் எனக்குப் புதுப் பெட்டியாகவே கிடைத்தது, அதற்குள் நான் பெரிய பிரதிநிதி ஆகியிருந்தேன்.

அதே வருடம் ‘வானம்பாடி’. அதோடு நிறுத்திக்கொண்டார். 41 வயது.

யாரும் துரத்தவில்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரில் ராஜகுமாரி தியேட்டர் அவர் பெயரில் நின்றது. இங்கே சொந்தமாகத் திரையரங்கு வைத்த முதல் நடிகை அவர்தான் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அறுபதுகளின் நடுவில் ஒருமுறை கணக்கு ஒப்படைக்க மதராஸ் போனபோது மாலை ஆட்டத்துக்கு அங்கே டிக்கெட் வாங்கினேன். பிரதிநிதி என்று சொன்னால் இலவசமாக உள்ளே விடுவார்கள். நான் சொல்லவில்லை, காசு கொடுத்தேன். என்ன படம் என்பது மறந்துவிட்டது. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது மறக்கவில்லை. எத்தனையோ ஊரில் அவரைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கியதை எண்ணியவன் நான். இங்கே டிக்கெட்டே அவர் பெயரில். இதில் கழிக்க வேண்டிய பங்கு எவருக்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் பின்வரிசையிலிருந்து தலைகளை எண்ணினேன்.

அவரை நேரில் பார்த்ததில்லை. பார்க்க முயற்சி செய்யவும் இல்லை. பார்த்தால் என்ன சொல்வது, உங்கள் நான்கு பிரேம் என்னிடம் இருக்கிறது என்றா?

அவரோடு நடித்த இரண்டு பெரிய நாயகர்களைப் பாருங்கள். பி.யு.சின்னப்பா, ‘மனோன்மணி’யிலும் ‘குபேர குசேலா’விலும் அவருக்கு ஜோடி. புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். 1951இல் 35 வயதில் போய்விட்டார். பாகவதர் சிறையிலிருந்து வந்த பிறகு அந்தப் பழைய காலம் திரும்பவில்லை, 1959இல் 49 வயதில் கஷ்டத்தோடு போனார். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று அவரைப் பற்றி எழுதும்போது உங்கள் கட்டுரைகளில் ஒரு பெருமிதம் தெரியும். தட்டு தங்கமா என்று அலட்டிக்கொள்ளாமல், தட்டில் நாளைக்கும் சோறு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட ஒருவருக்கு ‘இருள்’ என்று எழுதுகிறீர்கள். 1963இல் விலகி 1999 செப்டம்பர் 20இல் 77 வயதில் மறைந்தார். இடையில் 36 வருடம். பேட்டி கொடுக்கவில்லை, மேடை ஏறவில்லை, பழைய கதை சொல்லிக் கண்ணீர் விடவில்லை. தம் வீட்டில் தம் மனிதர்களோடு இருந்தார். பத்திரிகைக்காரர் கண்ணுக்குப் படாமல் இருப்பது இருள் என்றால், நான் 40 வருடமாக இருளில்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கட்டுரையில் ‘கனவுக்கன்னி’ என்ற சொல்லை எண்ணினேன். 11 இடத்தில் வருகிறது. ‘தயாரிப்பாளர்’ ஒரு இடத்தில், அதுவும் தம்பியைப் பற்றி. தியேட்டருக்கு ஒன்றரை வரி. அங்கே இப்போது கடைகள் இருக்கின்றன என்பதால் வரியும் சுருங்கிவிட்டதோ தெரியவில்லை.

மறுபிரசுரம் செய்யும் எண்ணம் இருந்தால் ரம்பாவையும் லட்சுமியையும் இடம் மாற்றிவிடுங்கள், ‘கூண்டுக்கிளி’யின் வெற்றியை எடுத்துவிடுங்கள், கடைசிப் பத்தியை என்ன செய்வது என்று கட்டுரையாளரே முடிவு செய்யட்டும். முரசு நடனத்துக்குச் சரியான படம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கும் நான்கு பிரேமில் ஒன்றைத் தருகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன். பத்து வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகைக்குப் பழைய நோட்டீஸ் ஒன்றை நம்பி அனுப்பினேன், இன்னும் வரவில்லை. உங்கள் கும்பகோணம் நிருபரை வீட்டுக்கு அனுப்புங்கள். பகலில் வரட்டும், ஜன்னல் வெளிச்சம் வேண்டும். படம் எடுத்துக்கொண்டு துண்டை என் கண் முன்னாலேயே திரும்ப மடித்து வைத்துவிட வேண்டும்.

கம்பெனிச் சொத்தை எடுத்தவன் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய படப்பிரதிநிதி ஒருவர்,
கும்பகோணம்.